சிறையிலும் விடாத துணை



நாம் வாழும் மாதாப்பூருக்கு அண்மையில் கோல்கொண்டாக் கோட்டை நிற்கிறது. பக்த ராமதாசர் அடைபட்டிருந்த சிறையை அங்கு இன்றும் காட்டுகிறார்கள்.

கஞ்சர்ல கோபண்ணா என்பது அவரது இயற்பெயர். 17-ஆம் நூற்றாண்டில், தானிஷா எனப்பட்ட அபுல் ஹசன் குதுப்ஷாவின் ஆட்சியில் தாசில்தாராக இருந்தவர். வரிப்பணத்தைக் கொண்டு பத்ராசலத்தில் இராமபிரானுக்குக் கோயில் எழுப்பினார் என்று 12 ஆண்டுகள் சிறையிடப்பட்டார் என்பர். இராம இலட்சுமணரே வந்து பணம் செலுத்தி அவரை மீட்டனர் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

அந்த அதிசயத்தைப் பேசும் நாம், அதற்கு முன் கழிந்த 12 ஆண்டுகளை எண்ணிப் பார்க்கிறோமா? அவர் இறைவனை இறைஞ்சினார். இன்ன நகைக்கு இன்ன செலவு என்று கணக்குச் சொல்லிச் சினந்தும் பாடினார். ஆயினும் அவனோடு பேசுவதை நிறுத்தினாரில்லை. அதுவே நெருக்கம். திருவையாற்றுத் தியாகராசரும் அவரைப் போற்றினார்.

ஊரைப் பிரிந்து வந்த நமக்கும் வேலை, வாடகை, பிள்ளைகளின் படிப்பு எனக் கவலைகள் பல. கேட்டது தாமதித்தால் இறைவன் கைவிட்டான் என்று முடிவு கட்டலாகாது. மாலையில் விளக்கேற்றியதும் குடும்பத்தோடு அமர்ந்து, அன்றைய நிறையையும் குறையையும் அவனிடம் சொல்வோம். வழி புலப்படும் வரை கடமையைச் செய்வோம்.