எடை குறையட்டும், வலு குறைய வேண்டாம்



சர்க்கரை நோய்க்காக எடையைக் குறைக்கும்படி மருத்துவர் என்னிடம் சொன்னார். காலை உணவை நிறுத்தினேன். இரவில் இரண்டு இட்லியோடு முடித்துக்கொண்டேன். நான்கு மாதத்தில் 9 கிலோ குறைந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் ரமலான் வந்தபோது, தராவீஹில் கையை ஊன்றாமல் ஸஜ்தாவிலிருந்து எழ முடியவில்லை.

கொழுப்போடு தசையும் கரைந்துவிட்டது என்றார் மருத்துவர். பட்டினி கிடந்தால் உடம்பு இரண்டையும்தான் எடுத்துக்கொள்ளும். இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசை. அது குறைந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமமே.

ஆகவே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, புரதம். எடை குறைப்பவர் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை எடுப்பது நல்லது. 70 கிலோ உள்ளவருக்கு 70 முதல் 84 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் சமைத்த மீனிலோ கோழியிலோ 20 கிராமுக்கு மேல், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் உண்டு. பருப்பு, சுண்டலும் உதவும். பிரியாணியில் சோற்றைக் குறையுங்கள், கறியை ஒதுக்காதீர்கள். கறியையெல்லாம் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு ஆணத்தோடு சோறுண்ணும் தாய்மார்களுக்கும் இதைச் சொல்கிறேன். ஸஹரில் வெறும் தேநீர் குடித்து நிய்யத் வைக்காமல், முட்டையும் தயிரும் சேருங்கள்.

இரண்டாவது, பயிற்சி. நடை நல்லது, அது மட்டும் போதாது. கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை ஊன்றிப் பத்து முறை தள்ளுங்கள். சற்று ஓய்வெடுத்து இப்படி மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். பெண்கள் வீட்டுக்குள்ளேயே செய்யலாம்.

மூன்றாவது, நிதானம். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன்னும், இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்குமுன்னும், நோன்பு நோற்குமுன்னும் மருத்துவரைக் கேளுங்கள். மூட்டுவலி, நெஞ்சுவலி உள்ளவர்கள் பயிற்சிக்கு முன்பும் கேளுங்கள்.

இயலாதவர் நாற்காலியில் தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் நம் அலட்சியத்தால் அந்த நிலைக்கு வரக்கூடாது. உடல் அல்லாஹ் தந்த அமானிதம். ஆறு மாதம் இப்படிச் செய்தபின், அல்ஹம்துலில்லாஹ், இப்போது கை ஊன்றாமல் எழுகிறேன். ஆயுள் முழுதும் நின்று தொழும் வலுவை நம் அனைவருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.