கூரையைக் கவனித்தீர்களா?

(எங்கள் நாக்பூர் கிளையின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'பசுமை வீடு'. இதைக் கேட்டதும் பலர் மனதில் சோலார் பலகையும் சுவரெல்லாம் செடியுமாக ஒரு புது பங்களா தோன்றும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இருபது, முப்பது வருஷம் முன்பு பி.எஃப். கடன் போட்டுக் கட்டிய வீட்டிலோ, மேல்மாடி ஃபிளாட்டிலோ இருப்பவர்கள். குழந்தைகள் புனேயிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். ஆத்தில் இரண்டே பேர், இருவருக்கும் எழுபதுக்கு மேல். ஆகவே இருக்கிற வீட்டை என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

2024 மே மாதக் கடைசியில் நம் ஊரில் ஒரு தானியங்கி வானிலை நிலையம் 56 டிகிரி காட்டி, நாடெங்கும் செய்தியானது ஞாபகம் இருக்கும். கருவியில் கோளாறு என்று பிறகு வானிலைத் துறை விளக்கம் கொடுத்தது. ஆனால் கோளாறே இல்லாத நாளிலும் நாக்பூர் மே மாதம் 45 டிகிரி என்பது நமக்குப் புதிதல்ல. அந்த 45 டிகிரி நம் படுக்கையறைக்குள் எந்த வழியாக வருகிறது என்பதுதான் விஷயம்.

இதை நான் ஒரு தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். 2016 மழைக்காலத்தில் எங்கள் மாடி ஒழுகியது. காண்டிராக்டர் மொட்டை மாடி முழுவதும் கறுப்புத் தார் ஷீட் ஒட்டினார். ஒழுகல் நின்றது, சந்தோஷமாகப் பணம் கொடுத்தேன். அடுத்த மே மாதம் ராத்திரி பதினொரு மணிக்கும் மேல் அறையில் கூரையைத் தொட்டால் சுட்டது. ஏசி ஓடிக்கொண்டே இருந்தது, அறை குளிரவில்லை. ஒரு நாள் மின்சாரம் போன மத்தியானம் என் மனைவி மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ். டாக்டர் மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் கேட்ட கேள்வி, "எந்த மாடியில் படுக்கிறீர்கள்?" என்பது.

நான் பி.எஸ்.சி. பௌதிகம் படித்தவன். கறுப்புப் பொருள் வெப்பத்தை உறிஞ்சும் என்று அண்ணா பிள்ளைக்கே பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தலைக்கு மேலேயே கறுப்பைப் பரப்பும்போது அது தோன்றவில்லை.

கணக்கு எளிது. கோடை உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியின்மேல் ஏறக்குறைய 1000 வாட் விழுகிறது. ஆயிரம் சதுர அடி மாடி என்றால் 93 கிலோவாட். கறுப்பு ஷீட் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புதிதாக அடித்த சுண்ணாம்பு முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பும். விழுங்கிய வெப்பம் ஆறு அங்குல கான்கிரீட்டைக் கடந்து கீழே வர நாலைந்து மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் இரண்டு மணி வெயில் நமக்கு ஏழு மணிக்கு, படுக்கப் போகிற நேரத்தில், வந்து சேருகிறது. வெளியில் காற்று குளிர்ந்துவிட்டதே, அறை ஏன் இப்படி வேகிறது என்று நினைப்போம். வேகவைப்பது மத்தியான வெயில்தான்.

மத்திய அரசின் பி.இ.இ. 2018-ல் குடியிருப்புகளுக்கென்று 'இகோ நிவாஸ் ஸம்ஹிதா' என்று ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. பெயரைக் கேட்டால் ஏதோ ஸ்ம்ருதி போல இருக்கும்! அதில் கூரைக்கு ஒரு வரம்பு உண்டு: உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடத்தக் கூடாது. நம் வெறும் கான்கிரீட் கூரை கடத்துவது ஏறக்குறைய 3 வாட். பழைய வீட்டை அந்த விதி கட்டுப்படுத்தாது, ஆனால் நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டுகிறது.

2018 ஜனவரியில் நாங்கள் தார் ஷீட்டின் மேல் இரண்டு அங்குல எக்ஸ்.பி.எஸ். நுரைப் பலகை பரப்பி, அதன்மேல் மெல்லிய கான்கிரீட்டும் வெள்ளை உடைந்த ஓடும் பதித்தோம். இந்த ஊர் மேஸ்திரிகளுக்கு இந்த 'சைனா மொசைக்' கை வந்த கலை. செலவு குறைவில்லை, சுமார் மூன்று ஏசி வாங்கும் பணம். இதற்கு முந்தைய கோடையில் மேல் அறைக் கூரையின் அடியில் தெர்மாமீட்டரை டேப் போட்டு ஒட்டி ராத்திரி எட்டு மணிக்குப் பார்த்து டைரியில் குறித்திருந்தேன். 42 டிகிரி இருந்தது, அடுத்த மே மாதம் 36 ஆயிற்று. ஒரே வீட்டின் கணக்கு இது, ஆராய்ச்சி அல்ல. பழைய கட்டடமென்றால் கூரை கூடுதல் எடையைத் தாங்குமா என்று ஒரு இஞ்சினியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவ்வளவு முடியாதவர்களுக்குச் சுண்ணாம்பு இருக்கிறது. வெள்ளை சிமெண்டும் கொஞ்சம் பசையும் கலந்து இரண்டு பூச்சு, மார்ச் மாதத்தில். தூசியும் மழையும் அதைக் கெடுத்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். ஆள் வைத்து அடியுங்கள், நீங்கள் ஏறாதீர்கள். சிலர் வெள்ளி நிற அலுமினிய பெயிண்ட் அடிக்கிறார்கள். அது வெயிலைத் திருப்பும், ஆனால் ஏறிய சூட்டை ராத்திரி எளிதில் வெளிவிடாது. வெள்ளை இரண்டையும் செய்யும்.

கூரைக்கு அடுத்தது மேற்குச் சுவரும் ஜன்னலும். உள்ளே தொங்கும் கனத்த திரையால் அதிகப் பிரயோஜனமில்லை. கண்ணாடியைத் தாண்டிய வெயில் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுங்கள்.

இந்த வேலை முடிந்த பிறகு யந்திரங்களைப் பார்க்கலாம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், புதிய பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டுக்குள். நாளைக்குப் பதினைந்து மணி நேரம், வருஷத்தில் முந்நூறு நாள் என்றால் ஒரு ஃபேனில் 200 யூனிட் மிச்சம். நம் விதர்ப வறட்சிக்கு வெட்டிவேர்த் தட்டி வைத்த கூலர் போல ஒன்று கிடையாது, ஆனால் எதிர் ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். மூடிவிட்டு, 'பிசுபிசுக்கிறது' என்று கூலரைத் திட்டுவோர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மும்பை, கொல்கத்தா அன்பர்களுக்குக் கூலர் உதவாது, அங்கே காற்றே ஈரம். எதிரெதிர் ஜன்னலும் ஃபேனும்தான் அவர்களுக்கு முதல் மருந்து. தில்லிக்காரர்களுக்குக் கூரைக் காப்பு இரட்டை லாபம்: ஜனவரிக் குளிரிலும் உள் வெப்பம் வெளியே போகாது. ஏசியை 18-ல் வைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது பி.இ.இ.

சோலார் பற்றிக் கேட்பீர்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். ஒரு கிலோவாட் பலகை நாளைக்குச் சுமார் நாலு யூனிட் தரும், மாடிக்கு நிழலும் தரும். நல்லதுதான். ஆனால் கூரையைச் சரிசெய்யாமல் பலகை போட்டால், வீணாகிற மின்சாரத்தை நாமே தயாரித்தது போல ஆகும். மாடி வேலை முதலில் முடியட்டும். பலகைக் கால்கள் நிறுத்திய பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டால் அவன் தலையில் அடித்துக்கொள்வான்.

ஃபிளாட்டில் இருப்பவர்களின் கஷ்டம் வேறு. மொட்டை மாடி ஸொஸைட்டியுடையது, சூடு மட்டும் மேல்மாடிக்காரருடையது. கீழ்த்தளத்தார் "எங்களுக்கென்ன லாபம்?" என்பார்கள். ஒரு நண்பருக்கு இரண்டு வருஷம் இந்தத் தீர்மானம் நிறைவேறவில்லை. கடைசியில் அவர் ஒழுகலைக் காரணம் காட்டிப் பேசினார். வாட்டர்ப்ரூஃபிங்குக்கு எல்லோரும் பணம் தந்தாக வேண்டும், அதன் மேல்பூச்சு வெள்ளையாக இருக்கட்டும், கூடுதல் செலவு என்னுடையது என்றார். உடனே கையெழுத்துப் போட்டார்கள்.

என் மனைவி பின்வரிசையிலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறாள். கூரையில் ஒட்டிய அந்தத் தெர்மாமீட்டரைக் கொண்டு வந்திருக்கிறேன். கோடையில் யார் வேண்டுமானாலும் ஒரு வாரம் எடுத்துப் போய் ராத்திரி எட்டு மணிக்குப் பார்த்து எழுதி வையுங்கள். நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டு எடுங்கள், திருப்பியும் தர வேண்டும்.