கரையில் விரித்துப் பார்த்த வலை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பையன். எங்க ஏரியில் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு. இறால் பிடிக்கும் இடம் தனி ஒருவருக்குச் சொந்தமில்லை. இன்றைக்கு யார், எந்த இடம் என்று முறை வைத்துத்தான் வலை கட்டுவார்கள். முறை தவறினால் ஒரு வீட்டில் உலை கொதிக்காது.

அந்த முறைப் பட்டியலைச் செல்போனில் பார்க்கும்படி ஒரு வலைச் செயலி எழுதினேன். ஒருநாள் ராத்திரி ஒரே ஒரு பெயரைத் திருத்துவதற்காக, ஊரே பார்க்கும் சர்வரில் நேராகக் கை வைத்தேன். 'அப்டேட்' கட்டளை கொடுத்தவன், எந்த வரியை மாற்ற வேண்டும் என்று சொல்லும் 'வேர்' பகுதியை விட்டுவிட்டேன். விடிந்து பார்த்தால், மாதம் முழுவதும் எல்லா முறையும் ஒரே ஆள் பேரில்! அவர் என் தாய்மாமா வேறு. கேட்கணுமா?

சித்தப்பாவின் பழைய நோட்டுதான் மானத்தைக் காப்பாற்றியது. அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏன்டா, புது வலையைக் கரையில விரிச்சுப் பாக்காம நேரா தண்ணியில எறிவியா?"

தம்பிகளே, நமக்குக் கரை என்பது நம் சொந்தக் கணினிதான். 2002 முதல் கிடைக்கும் 'எக்ஸாம்ப்' என்ற இலவசத் தொகுப்பை நிறுவினால், அப்பாச்சி சர்வர், தரவுத்தளம், பி.எச்.பி. மூன்றும் சேர்ந்தே வரும். முதல் இரண்டையும் 'ஸ்டார்ட்' செய்து, கோப்புகளை 'எச்டிடாக்ஸ்' ஃபோல்டரில் போட்டு, பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தட்டுங்கள். அதன் எண் 127.0.0.1, அது உங்கள் கணினியையே குறிக்கும். இன்டர்நெட் வேண்டாம், சிக்னல் இல்லாத குப்பத்திலும் வேலை நடக்கும்.

நாலு விஷயம் மறக்காதீங்க. சர்வரில் உள்ள அதே பி.எச்.பி. பதிப்பை இங்கேயும் வையுங்கள். தரவுத்தளத்தை 'யுடிஎஃப்8எம்பி4' என்று அமையுங்கள். இல்லையென்றால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடலாம். சோதனைக்குக் கற்பனைப் பெயர்களே போதும். ஒவ்வொரு மாற்றத்தையும் 'கிட்'டில் பதிந்து, தரவுக்குத் தனியாக நகல் எடுத்த பிறகே சர்வரில் ஏற்றுங்கள்.

இப்போது பட்டியல் ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் சித்தப்பா நோட்டை மூடவில்லை. நானும் மூடச் சொல்லவில்லை.