தோட்டத்துக்குள் ஒரு தோட்டம்



'தோட்டம்' என்றதும் நகரத்தவர் மனத்தில் வீட்டைச் சூழ்ந்த பூச்செடிகளும் பழமரங்களும் தோன்றும். ராகலையிலே அச்சொல்லுக்குப் பொருள் வேறு. தேயிலை மலை, துரை பங்களா, ஸ்டோர், லயம் யாவும் சேர்ந்ததே எங்களுக்குத் தோட்டம். இத்துணை பெரிய தோட்டத்துக்குள் தொழிலாளி தன் விருப்பப்படி பயிரிடும் தோட்டம் எது? காம்பராவுக்கு முன்னே கிடக்கும் நீண்டு ஒடுங்கிய துண்டு நிலந்தான்.

லயத்துக் காம்பராக்கள் ஒரே கூரையின்கீழ் ஒட்டி நிற்பவை. ஆதலால் காம்பராவின் அகலமே நிலத்தின் அகலம். பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். நீளமோ வாசற்கானிலிருந்து சரிவின் அடிவரை ஓடும்.

எங்கள் குடும்பத்துத் துண்டைச் சென்ற ஆண்டு மாற்றியமைத்தோம். முன்னர் பாத்திகள் சரிவின் போக்கிலே, மேலிருந்து கீழாக இருந்தன. மழை பெய்தால் மேல்மண் அடித்துச் செல்லப்படும். இப்பொழுது பாத்திகளைக் குறுக்கே வெட்டி, கல் அடுக்கிப் படிகளாக்கியுள்ளோம். நடுவே ஓடிய பாதை ஓரத்துக்குப் போயிற்று. வாசலருகே டேலியா, அடுத்துக் கரட், லீக்ஸ், கோவா, அடியில் கொம்பு நட்டுப் போஞ்சி. மண் நிற்கிறது, ஒடுங்கிய நிலமும் அகன்று தெரிகிறது.

"மூலையில் ஒரு பியர்ஸ் கன்று வைப்போமா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வேணாந் தம்பி. அது காய்க்க எத்தனையோ வருஷமாகும். அதுக்குள்ள எடத்த விடச் சொன்னா என்னா செய்யிறது?" என்றார்.

இது ஒரு தாயின் அச்சம் மட்டுமன்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தலைமுறைகள் தாண்டி நிற்கும் செடி அது. அச்செடிகளை மலையெங்கும் நட்டு வளர்த்த மக்களோ, தமக்கென நடும்போது மூன்று மாதத்துப் பயிரையே நடுகிறார்கள். 1948இல் பறிபோன குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் முடிவு கண்டது. காணி உரிமை அத்துடன் வந்துவிடவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டது எத்துணை பொருத்தம்!

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மரமும் பூவும் அதன் பின்வரும் கருப்பொருள். முதல் நமதாகாதபோது கரு எங்ஙனம் நிலைக்கும்?

அண்மைக் காலத்தில் சில தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுந்துள்ளன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. பெரிய நிலமன்று. ஆயினும், காணி உறுதி பெற்ற என் மாணவன் ஒருவனின் வீட்டுக்குப் போனபோது, வேலியோரம் முழங்கால் உயரத்தில் ஒரு பியர்ஸ் கன்று நின்றது.

பாத்தியை எப்படி வெட்டுவது என்று நாம் ஒருவருக்கொருவர் கற்பிக்கலாம். மரம் நடும் துணிவை உறுதிப் பத்திரமே தரும்.