முதல்ல பேரு, அப்புறம் ஸ்கேன்

டிரங்குப் பெட்டியிலயும் பீரோ மேல்தட்டுலயும் கிடக்கிற பழைய போட்டோக்களை வீட்டிலேயே டிஜிட்டல் ஆக்குறது எப்படி? இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

எனக்குச் சொந்த ஊர் சிவகாசி. 1920கள்ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டுச்சு. லேபிளுக்காக வந்த அச்சுத்தொழில் காலண்டர், டைரின்னு வளர்ந்துச்சு. ஊருக்கெல்லாம் படம் அச்சடிக்கிற ஊர். ஆனா எங்க பக்கம் எத்தனையோ வீட்ல, தாத்தா தலைமுறை ஆள் ஒருத்தருக்கு மிஞ்சியிருக்கிறது ஒரே ஒரு படம்தான்.

அந்த ஒரு படத்தோட மதிப்பு பட்டாசு ஊர்கள்ல நல்லாவே தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்னைக்கு முதலிப்பட்டியில நடந்த வெடிவிபத்துல முப்பது பேருக்கு மேல இறந்துபோனாங்க. இப்படி ஒரு சாவு விழுந்த வீட்ல, மாலை போட ஒரு படம் வேணும். கிடைக்கிறது பாஸ்போர்ட் சைஸ் படமா இருக்கும். இல்லைன்னா கல்யாண குரூப் போட்டோல மூணாவது வரிசையில பாதி மறைஞ்ச முகம். அதைப் பெரிசாக்கினா கலங்கித்தான் வரும்.

அதனால, ஸ்கேன் பண்றப்போ அளவைப் பாருங்க. நல்ல அச்சுக்கு 300 டிபிஐ வேணும்னு எங்க ஊர் அச்சகத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை 300-ல ஸ்கேன் பண்ணா, அதே அளவுக்குத்தான் தெளிவா அச்சடிக்கலாம். 1200-ல பண்ணா நாலு மடங்கு, அதாவது 14-க்கு 18 சென்டிமீட்டர் வரைக்கும் போகலாம். போஸ்ட்கார்டு அளவுப் படங்களுக்கு 600 போதும்.

ஸ்கேனர் இல்லையா? போன் போதும். ஜன்னல் வெளிச்சத்துல படத்தைத் தட்டையா வைங்க. பிளாஷ் வேண்டாம். போன் படத்துக்கு நேர் மேல இருக்கணும். கண்ணாடியோட ஒட்டிப்போன படத்தைத் தயவுசெஞ்சு பிரிக்காதீங்க, முகமே உரிஞ்சு வந்துடும். கண்ணாடிக்கு மேலயே எடுங்க. எதிர்ல ஒரு கறுப்புத் துணியைப் பிடிச்சா பளபளப்பு குறையும்.

இதெல்லாம் கருவி சமாச்சாரம். பெரிய வேலை வேற ஒண்ணு இருக்கு. பாண்டிச்சேரியில இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தோட அழியும் ஆவணங்களுக்கான திட்டத்துல சேர்ந்து, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ போட்டோக்களை டிஜிட்டல் ஆக்கியிருக்கு. படத்தை அப்படி யாராலும் காப்பாத்த முடியும். படத்துல இருக்கிறவங்க பேரை உங்க வீட்டுப் பெரியவங்களால மட்டும்தான் சொல்ல முடியும்.

அதனால ஸ்கேனரை ஆன் பண்றதுக்கு முன்னாடி, ஆல்பத்தோட பாட்டி பக்கத்துல உட்காருங்க. போன்ல ரெக்கார்டிங்கைப் போட்டுட்டு, இடமிருந்து வலமா ஒவ்வொருத்தர் பேரையும் கேளுங்க. ‘அப்பத்தா’ன்னு மட்டும் எழுதி வைக்காதீங்க. உங்களுக்கு அப்பத்தா, உங்க அத்தை மகளுக்கு அம்மாச்சி. இயற்பேர், ஊர், தோராயமான வருஷம் மூணும் பைல் பேர்லயே இருக்கட்டும். படத்தோட பின்பக்கம் எழுதணும்னா மென்மையான பென்சிலால லேசா எழுதுங்க. பேனா மை முன்பக்கம் ஊறிடும்.

ஏஐ ஆப்ல போட்டுக் கலர் ஏத்துறவங்களுக்கு ஒரு வார்த்தை. அது தெளிவில்லாத முகத்தைத் தானா கற்பனை பண்ணி நிரப்பும். பார்க்க அழகா இருக்கும், ஆனா அது உங்க தாத்தா கண்ணா இருக்காது. ஒரிஜினல் ஸ்கேனைத் தனியா வைங்க.

வாட்ஸ்அப்ல அனுப்புறப்போ டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்லைன்னா படம் சுருங்கிடும். மூணு பிரதி வைங்க. அதுல ஒண்ணு வேற ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்க கிட்ட இருக்கட்டும்.

ஐந்நூறு படத்தையும் ஒரே நாள்ல முடிக்க வேண்டாம். இந்த ஞாயித்துக்கிழமை, ஒரே ஒரு படம் மட்டும் இருக்கிற ஆட்கள் யார் யாருன்னு தேடி, அதுல இருந்து ஆரம்பிங்க.