மலை பழகின ஆடுகள்



கோடை விடுமுறையில் விண்டர்மியர் ஏரிக்குப் போய்ப் படகுச் சவாரி செய்து வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஏரியைப் படம் எடுத்திருப்பீர்கள். பின்னால் தெரியும் மலையில் வெள்ளையும் சாம்பலுமாகப் புள்ளி புள்ளியாய் நின்ற செம்மறிகளை யாரும் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டோம். நானும் பல தடவை கவனிக்காமல் வந்தவன்தான். இன்று அந்த ஆடுகளைப் பற்றியும், அவற்றை இழந்த மனிதர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வைப் பற்றியும் பேசப் போகிறேன்.

இடம் இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள கம்பிரியா. அங்கே உயர்ந்த மலைகளில் வேலி கிடையாது. பல பண்ணைகளின் ஆடுகள் ஒரே பொது மேய்ச்சல் தரையில்தான் மேய்கின்றன. இருந்தும் ஒவ்வொரு மந்தையும் தன் பகுதியை விட்டு அதிகம் விலகுவதில்லை. தாய் ஆட்டின் பின்னால் திரியும் முதற் கோடையிலேயே குட்டிக்கு எல்லை பழகிவிடுகிறது. எங்கே புல், எங்கே தண்ணீர், பனிக்காற்று வந்தால் எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்குவது என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். அந்தக் குட்டி வளர்ந்து தன் குட்டிக்குப் பழக்கும். இப்படிப்பட்ட மந்தையை 'ஹெஃப்ட்' ஆன மந்தை என்பார்கள். நாம் 'மலை பழகின ஆடுகள்' என்று சொல்லலாம். பல பண்ணைகளில் குத்தகைக்காரர் வெளியேறினாலும் மந்தை மலையோடு தங்கிவிடும். ஆடுகளைக் கொண்டுபோனால் மலையின் நினைவையும் கொண்டுபோன மாதிரி.

அப்படியும் சில ஆடுகள் வழி தவறும். அதற்காகக் காதில் வெட்டுக்குறியும் கம்பளியில் வர்ணக்குறியும் இடுகிறார்கள். எந்தக் குறி எந்தப் பண்ணைக்கு உரியது என்று காட்டும் 'மேய்ப்பர் வழிகாட்டி' என்ற புத்தகத்தை ஜோசப் வோக்கர் என்பவர் 1817இல் அச்சிட்டார். வன்னியில் மாட்டுக்குக் குறிசுடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இராது. சிறுவர் கதைகள் எழுதிய பியாற்றிக்ஸ் பொற்றர் அம்மையார் 1943இல் காலமானபோது 14 பண்ணைகளையும் 4,000 ஏக்கர் அளவு நிலத்தையும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு விட்டுச் சென்றார். மலைப்பண்ணைகளில் அந்த ஊருக்கே உரிய ஹேர்ட்விக் இன ஆடுகள் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். முயல்குட்டிக் கதை எழுதியவருக்கு ஆட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்திருந்தது!

2001 பெப்ரவரியில் கால்வாய் நோய் வந்தது. தமிழகத்தில் கோமாரி என்பார்கள். அந்த ஆண்டு செப்டெம்பர் முடிவதற்குள் பிரித்தானியாவில் 2,026 இடங்களில் நோய் உறுதி செய்யப்பட்டது. அவற்றில் 893 கம்பிரியாவில். நாடு முழுவதும் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. நோயுற்றவை மட்டுமல்ல, நோய் கண்ட பண்ணைக்கு அக்கம்பக்கத்தில் இருந்த நல்ல ஆடுகளும் போயின. குளிரைத் தப்ப மலையிலிருந்து கீழ்நிலப் புல்வெளிகளுக்கு அனுப்பப்பட்டிருந்த இளம் ஆடுகள் பல அங்கேயே அகப்பட்டுக்கொண்டன. கிரேற் ஓட்டன் என்ற பழைய விமானத்தளத்தில் மட்டும் நான்கரை இலட்சத்துக்கும் மேல் புதைத்தார்கள்.

அரசு ஆட்டுக்கு விலை மதித்து நட்டஈடு கொடுத்தது. ஆனால் சந்தையில் வாங்கிய புதிய ஆட்டுக்கு மலை தெரியாது. அது கால் போன போக்கில் போகும். ஒரு பண்ணை வெறுமையானால் பக்கத்து மந்தையும் அந்த வெற்றிடத்துக்குள் பரவும். தற்காலிக வேலி போட்டு, ஆள் வைத்து மறித்து, மீண்டும் பழக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். இந்த நட்டத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது?

இந்த இடத்தில்தான் ஆய்வாளர்கள் வருகிறார்கள். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாகி மோர்ட், இயன் கொன்வெரி முதலானோர் வட கம்பிரியாவில் 54 பேரைச் சேர்த்தார்கள். விவசாயிகள் மட்டுமல்ல, மிருக வைத்தியர்கள், சிறு வியாபாரிகள், சுகாதாரப் பணியாளர்கள், விலங்குகளைக் கொல்லவும் துப்புரவு செய்யவும் போனவர்கள், சாதாரணக் குடியிருப்பாளர்கள் என்று பலதரப்பட்டவர்கள். இவர்கள் வாரம் ஒரு நாட்குறிப்பு வீதம் 18 மாதங்கள் எழுதினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் சேர்ந்தன. நேர்காணல்களும் குழுவாகக் கூடிப் பேசுவதும் இதனோடு நடந்தன. எண்ணிக்கையை விடுத்து மனிதர் சொல்வதை ஆதாரமாகக் கொள்ளும் இம்முறையைப் பண்புசார் ஆய்வு என்பார்கள்.

54 பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்பீர்கள். எத்தனை வீதமானோர் பாதிக்கப்பட்டார்கள் என்று இவர்களால் சொல்ல முடியாதுதான். ஆனால் என்ன நடந்தது என்பதை இவர்களால்தான் சொல்ல முடிந்தது. 2005இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் முடிவுகள் வந்தன. உறவினரை இழந்தது போன்ற துக்கம், இன்னொரு அழிவு வருமோ என்ற பயம், அதிகாரிகள் மீது நம்பிக்கை இழப்பு, தங்கள் உள்ளூர் அறிவு மதிக்கப்படவில்லை என்ற மனக்குறை, இவையெல்லாம் விவசாயிகளுக்கு அப்பாலும் பரவியிருந்தன.

'எப்படியும் இறைச்சிக்குப் போகும் ஆடுதானே, இதற்கு ஏன் அழுகிறார்கள்?' என்று அப்போது லண்டனில் கேட்டவர்கள் உண்டு. ஆய்வு இதற்குத் தரும் விடைதான் என்னை மிகவும் கவர்ந்தது. சாவு அந்த விவசாயிகளுக்குப் புதிதல்ல. அது தவறான இடத்தில், தவறான காலத்தில் வந்தது. தூரத்தில் உள்ள கொல்களத்தில் நடக்க வேண்டியது வீட்டு முற்றத்தில், குட்டி போடும் பருவத்தில், தலைமுறையாகப் பழக்கிய தாய் ஆடுகளுக்கு நடந்தது. துக்கத்துக்கும் ஒரு இடம் உண்டு என்று கண்டதனால்தான் இதைப் புவியியல் ஆய்வு என்கிறோம். ஊரை விட்டு வந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். ஆய்வு முடிந்ததும் எழுதியவர்களிடம் மறுபடி சம்மதம் கேட்டார்கள். பெரும்பாலானோர் சரி என்றதால், அந்த நாட்குறிப்புகள் தேசியத் தரவுக் காப்பகத்தில் ஆய்வாளர்களுக்காகப் பாதுகாக்கப்பட்டன. மலையில் வாய்மொழியாகவும் ஆட்டுவழியாகவும் இருந்த ஊரறிவின் ஒரு பகுதி இப்படி எழுத்தாகிவிட்டது.

2017இல் யுனெஸ்கோ இந்த ஏரி மாவட்டத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வெறும் இயற்கை அழகுக்காக அல்ல, மனிதரும் ஆடுமாகச் சேர்ந்து உருவாக்கிய பண்பாட்டு நிலம் என்ற வகையில். ஆடுகள் மேய்ந்து மலையை மொட்டையாக்கிவிட்டன, மரம் வளரவிட வேண்டும் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. அதைப் பேசினால் நேரம் போதாது.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், படகுத்துறையில் இருந்து கொஞ்சம் விலகி மலைப்பாதையில் நடந்து பாருங்கள். ஆட்டின் முதுகில் சிவப்போ நீலமோ ஒரு கோடு தெரியும். அது யாருடைய ஆடு என்று வழியில் வரும் ஊர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள். பிள்ளைகளையும் கேட்க விடுங்கள்.