சந்தையும் குதிரும்



ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் ஆண்ட தகடூர் இது. இந்த மண்ணில் நின்று ஒரு நஷ்டக் கணக்கோடு ஆரம்பிக்கிறேன். இந்த ஊர்மேல் சேரன் படையெடுத்த கதையைச் சொல்ல 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூல் இருந்தது. இன்னைக்கு முழு நூல் இல்லை. சில பாடல்கள்தான் மிச்சம். அதுவும் எப்படி மிஞ்சிச்சு? 'புறத்திரட்டு' தொகுத்த புண்ணியவான் சிலதை எடுத்து வைச்சார். உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டினாங்க. உங்க ஊர்க் கதையே அடுத்தவங்க பெட்டியில இருந்துதாங்க நமக்குக் கிடைச்சிருக்கு! (கைதட்டல்)

தலைப்புக்கு வரேன். பிடித்த நாவலின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் தாங்களே கதை எழுதுகிறார்கள். அதை இணையத்தில் எங்கே போடுவது? கூட்டம் கூடும் இடத்திலா, காத்து வைக்கும் இடத்திலா? இது புதுக் கேள்வி இல்லை. கல்கி 1954-இல் பொன்னியின் செல்வனை முடித்தார். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று வாசகர்கள் விடவில்லை. விக்கிரமன் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். எங்கே போட்டார்? அமுதசுரபியில். அதுக்கு ஆசிரியரே அவர்தான்! எல்லாருக்கும் அந்த யோகம் வாய்க்குமா? (சிரிப்பு)

அரூர்ப் பக்கத்திலிருந்து எங்கிட்டப் படிக்க வந்த ஒரு பொண்ணு. பூங்குழலியை விட அவளுக்கு மனசில்லை. கைப்பேசியிலேயே தட்டித் தட்டி 40 அத்தியாயம் எழுதி, ஒரு தளத்துல போட்டா. நல்ல கூட்டம், நல்ல பாராட்டு. ஒரு நாள் காலையில பார்த்தா தளமே இல்லை. கையில நகலும் இல்லை. என் அறைக்கு வந்து நின்னா. அழலைங்க. "ஐயா, பூங்குழலி மறுபடியும் கடலுக்குள்ள போயிட்டா" ன்னா.

அவளுக்கு மட்டும் வந்த கஷ்டமா இது? அமெரிக்காவில் யாஹூ 2009-இல் ஜியோசிட்டீஸை மூடியபோது ரசிகர்கள் கட்டிய பக்கங்கள் எத்தனையோ போச்சு. ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் 2002-இல், வயது வந்தோருக்கான கதைகள் இனி இங்கே கூடாது என்று எடுத்துவிட்டது. அவங்க வீடு, அவங்க சட்டம். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னா பண்ணித்தானே ஆகணும்? அதனால ரசிகர்களே 2007-இல் லாப நோக்கில்லாத ஓர் அமைப்பைத் தொடங்கி, 2009-இல் சொந்தமா ஒரு காப்பகம் திறந்தாங்க: 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்'. விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுது, வேலை பார்ப்பவர்கள் தொண்டர்கள். கதை விற்கக் கூடாது. 2019-இல் ஹ்யூகோ விருதும் வாங்கிடுச்சு.

காசு என்றதும் ஒன்று சொல்லணும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை, யாரும் தொடரலாம். மற்ற எழுத்தாளர்களுக்கு நம்ம சட்டப்படி, மறைந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை உண்டு. அவங்க பாத்திரத்தை வைத்து அத்தியாயத்துக்கு இவ்வளவுன்னு வித்தீங்கன்னா, வாசகருக்கு முன்னால வக்கீல் வந்துடுவார்! (சிரிப்பு)

"அந்தக் காப்பகத்துல தமிழை யார் படிப்பா?" என்று எதிரணித் தம்பி கேட்டார். நியாயம்தான். கனடாவில் பிறந்த வாட்பேட், பெங்களூரில் பிறந்த பிரதிலிபி, அங்கேதான் தமிழ்க் கூட்டம். தாராளமா அங்கே போடட்டும். ஆனா தம்பி, சந்தைக்குப் போற மூட்டை வேற, விதைக்குன்னு குதிரில் வைக்கிற கேழ்வரகு வேற. பென்னாகரத்து அம்மாக்களுக்கு இதை நான் சொல்லணுமா? (கைதட்டல்)

அந்தப் பொண்ணு மறுபடி ஞாபகத்திலிருந்தே எழுதுறா. சந்தையில ஒண்ணு, காப்பகத்துல ஒண்ணு, அப்புறம் ஒரு நீள நோட்டுல ஒண்ணு. அந்த நோட்டை அவ அம்மா ரேஷன் கார்டு இருக்கிற டிரங்குப் பெட்டியில வைச்சுப் பூட்டுறாங்க. அவங்களுக்குப் பொன்னியின் செல்வன் தெரியாது, பூங்குழலியும் தெரியாது. மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே... 17-ஆம் அத்தியாயம் வரைக்கும் வந்தாச்சு.